ஏழுல மூணு ஜன்னல் மாத்துன கதை

மே மாசம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு எங்க பெட்ரூம் மேற்கு ஜன்னல் கொண்டில கை வெச்சா சுரீர்னு சுடும். உள்பக்கம் இருக்கற கொண்டிய சொல்றேன், வெளிப்பக்கம் இல்ல. கதவ சாத்தி, திரைய இழுத்து விட்டு, ஏசிய 24ல போட்டாலும் ராத்திரி பத்து மணி வரைக்கும் ரூம் அடுப்பாங்கரை மாதிரி தான் இருக்கும். எதிர்ல ஒரு ஒத்த மாடி குடோன், அதுக்கு மேல வானம் தான், வெயில மறைக்க ஒண்ணுமே கிடையாது.

வீடு வடசென்னைல தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் ஹை ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவுல ஒரு சந்து. தாத்தா கட்டுனது, கீழ வாடகைக்கு விட்டிருக்கோம், மேல நானும் அம்மாவும் வீட்டுக்காரியும் பையனும். மேல மொத்தம் ஏழு ஜன்னல். மேற்க பாத்து பெட்ரூம்ல ரெண்டு, ஹால்ல வடக்க பாத்து ஒண்ணு, கிழக்க பாத்து மூணு, கிச்சன்ல ஒண்ணு. எல்லாமே தேக்கு சட்டம், நெட்டுக்கு இரும்புக் கம்பி, ரெண்டு கதவு, கதவுக்கு மூணு சொரசொரப்பு கண்ணாடி. அந்தக் காலத்து மரம், உளுக்கவே இல்ல, ஆனா உப்புக் காத்துல கீல் எல்லாம் துருப்பிடிச்சு தின்னுடுச்சு. 2016 வர்தா புயல்ல மேற்கு ஜன்னல்ல ஒரு கதவு கீலோட பிச்சுக்கிட்டு கீழ சந்துல போய் விழுந்துச்சு, நல்ல வேளை யாரும் இல்ல. அத ஆசாரி வந்து மாட்டிக் குடுத்தாரு, ஆனா அதுக்கப்புறம் அது சட்டத்துல ஒழுங்கா உக்காரவே இல்ல. 2023 டிசம்பர் மிக்ஜாம்ல அந்த இடுக்கு வழியா தண்ணி பீச்சி அடிச்சு மெத்தை பூரா நனைஞ்சு, கரண்டும் இல்லாம, மூணு நாள் கழிச்சு அந்த மெத்தைய தூக்கிப் போட்டோம். அன்னைக்கே வீட்டுக்காரி சொல்லிட்டா, அடுத்த மழைக்குள்ள இந்த ஜன்னல் மாறணும், இல்லன்னா நான் எங்கம்மா வீட்டுக்கு பெரம்பூர் போயிடுவேன்னு. அடுத்த மழையும் வந்து போச்சு, அவளும் போகல, நானும் மாத்தல, அது வேற விஷயம்.

போன ஜனவரில தான் உக்காந்து விசாரிக்க ஆரம்பிச்சேன். மூணு கடைல கொட்டேஷன் வாங்குனேன். மூணு பேருமே ஒரே பாட்டு தான், சார் டபுள் கிளாஸ் போடுங்க, நடுவுல காத்து நிக்கும், ஹீட் உள்ள வரவே வராது, சத்தம் வராது. சரின்னு ஒரு கடைல சாம்பிள் காட்டச் சொன்னா, ரெண்டு பக்கமும் சாதா கிளியர் கண்ணாடி. எனக்கு ஒரு சந்தேகம், வெயில்ல நிறுத்தி வெச்ச கார் கண்ணாடிய முழுசா ஏத்திட்டா உள்ள என்ன ஆகும், அதே தானே இங்கயும்னு. வீட்டுக்கு வந்து ரெண்டு மூணு ராத்திரி இதயே படிச்சேன். விஷயம் இவ்ளோ தான்.

கண்ணாடி வழியா சூடு ரெண்டு விதமா வருது. ஒண்ணு, வெளிய சூடு உள்ள ஜில்லுன்னு இருக்கறதால கண்ணாடி வழியா கடந்து வர்றது, இதுக்கு தான் யு வேல்யூன்னு ஒரு நம்பர். இன்னொண்ணு வெயில் நேரா பூந்து வர்றது, அதுக்கு எஸ்.எச்.ஜி.சின்னு ஒரு நம்பர், அதாவது கண்ணாடி மேல விழற வெயில் சூட்டுல எவ்ளோ பங்கு உள்ள வருதுன்னு. 0.8ன்னா நூத்துல எம்பது உள்ள வந்துடும். குளிர் நாட்டுல வெளிய மைனஸ் பத்து உள்ள இருவதுன்னு முப்பது டிகிரி வித்தியாசம் இருக்கும், அவங்களுக்கு யு வேல்யூ தான் உசுரு. நமக்கு வெளிய 38, உள்ள 25, வெறும் 13 டிகிரி தான். ஒரு சதுர மீட்டர் சாதா ஒத்தக் கண்ணாடிக்கு யு வேல்யூ கிட்டத்தட்ட 5.7, அதாவது ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 5.7 வாட் சூடு கடக்கும், அப்போ 13ஆல பெருக்குனா 74 வாட். நல்ல லோ-ஈ கோட்டிங், அதாவது சூட்ட திருப்பி விடற ஒரு மெல்லிசு பூச்சு, போட்ட டபுள் கிளாஸ்னா 1.8 சுமாருக்கு வரும், 23 வாட். மிச்சம் அம்பது வாட்டு, ஒரு பழைய குண்டு பல்பு அளவுக்கு. இப்போ வெயில் கணக்கு பாருங்க. மேற்கு சுவத்து மேல சாயங்காலம் சதுர மீட்டருக்கு 600 வாட்டுன்னு வெச்சுக்கோங்க, 0.8 கண்ணாடின்னா 480 வாட் உள்ள, 0.3 கண்ணாடின்னா 180 வாட். மிச்சம் 300. நமக்கு எது முக்கியம்னு இதுலயே தெரியுது. கடைக்காரர் காட்டுன கிளியர் டபுள் கிளாஸ் இருக்கே, அதோட எஸ்.எச்.ஜி.சி 0.7 கிட்ட இருக்கும், அதாவது காசு டபுள், வெயில் கிட்டத்தட்ட அதே தான்.

அதனால கேக்கறப்ப டபுள் கிளாஸ் இருக்கான்னு கேக்காதீங்க, எஸ்.எச்.ஜி.சி எவ்ளோன்னு கேளுங்க. நான் கேட்டதுக்கு ஒரு கடைல பையன் உள்ள போய் ஓனர கூட்டிட்டு வந்தான், இன்னொரு கடைல சார் நீங்க இன்ஜினியரான்னு கேட்டாங்க, மூணாவது கடைல கண்ணாடி கம்பெனி ஷீட்ட எடுத்து நீட்டுனாரு, 0.29, வெளிச்சம் நாப்பது பர்சன்ட் உள்ள வரும்னு. ஆர்டர் அங்க தான் குடுத்தேன்.

நடுவுல இதையும் சொல்லிடறேன், ஜன்னல் மாத்தறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது வேற இருக்கு. மேல் மாடில இருக்கீங்கன்னா மொதல்ல மொட்டை மாடி தான், தரைக்கு வெள்ளை கூலிங் கோட்டிங் அடிக்கறதுக்கு ஆகற செலவுக்கு கிடைக்கற பலன் எந்த ஜன்னல்லயும் கிடைக்காது, நான் அத முந்தின வருஷமே பண்ணிட்டேன். ரெண்டாவது, வெயில கண்ணாடிக்கு வெளியவே நிறுத்தறது எப்பவும் பெஸ்ட். மூங்கில் தட்டிய வெளிப்பக்கம் தொங்க விட்டாலே பாதி வேலை முடிஞ்சுது, உள்ள போடற திரை அந்தளவுக்கு வராது, ஏன்னா சூடு உள்ள வந்தாச்சு, திரை சூடாகி ரூமுக்கு தான் குடுக்கும். சன் ஷேடு மேற்குக்கு உதவாது, சாயங்கால வெயில் படுத்துக்கிட்டு வருது இல்ல. நான் ரெண்டு வருஷம் தட்டி தான் போட்டிருந்தேன், கடக்காத்துல ஆறு மாசத்துல கயிறு அத்துக்கும், கட்டுவேன், மறுபடி அத்துக்கும். மூணாவது, கண்ணாடிக்கு சன் கன்ட்ரோல் பிலிம் ஒட்டலாம், ஜன்னல் நல்லா இருந்தா அது போதும், சல்லிசு. என் ஜன்னல்ல கதவே கோணிப் போய் ரெண்டு விரல் இடுக்கு, பிலிம் ஒட்டி என்ன பண்றது.

அந்த இடுக்கு சமாச்சாரத்துக்கு ஒரு சோதனை. ராத்திரி எல்லா ஜன்னல் கதவையும் சாத்திட்டு, கிச்சன் எக்ஸாஸ்ட் பேன ஓட விட்டு, ஒரு ஊதுபத்திய கொளுத்தி ஒவ்வொரு ஜன்னல் ஓரமாவும் மெதுவா நகத்திக்கிட்டே போங்க. புகை நேரா மேல போனா பிரச்சனை இல்ல. மேற்கு ஜன்னல்ல புகை பட்டுன்னு ரூம் உள்ள மடங்கி என் மூஞ்சிக்கு வந்துச்சு, கீழ் மூலைல ஊதுபத்தி நெருப்பே பளிச்சுன்னு செவக்குது, அவ்ளோ காத்து. வடக்கு ஜன்னலும் அப்படித்தான். கிழக்கு மூணும் பரவால்ல, லேசா ஆடுச்சு, அவ்ளோ தான். அம்மா பின்னாடி நின்னு பாத்துட்டு என்னடா இது ராத்திரி பதினோரு மணிக்கு வீட்டுக்கு திருஷ்டி கழிக்கறியான்னாங்க.

அந்த ராத்திரி தான் முடிவு பண்ணேன், மேற்கு ரெண்டு, வடக்கு ஒண்ணு, மூணு தான் மாத்தறது. கிழக்கு ஜன்னல தொடவே கூடாதுன்னு எனக்கு தோணுச்சு, இன்னைக்கும் அதே தான் சொல்லுவேன். மதியானம் ஒரு மணி வாக்குல கடக்காத்து அந்த வழியா தான் வருது, பழைய மரக் கதவு ரெண்டையும் முழுசா தொறந்தா முழு ஜன்னலும் வாசல், ஸ்லைடிங் போட்டா பாதி தான் தொறக்கும். காத்து வர்ற வழிய காசு குடுத்து அடைப்பாங்களா? கிச்சனும் அப்படியே தான் விட்டேன், கேஸ் அடுப்பு எரியற எடத்த கப்புன்னு அடைச்சு வெக்கறது ஆபத்து. வடக்க எதுக்கு மாத்துனேன்னா ரெண்டு காரணம், ஒண்ணு கன்டெய்னர் லாரி ஏர் ஹார்ன், ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு மேல ஏறுன மாதிரி அடிப்பான். இன்னொண்ணு, நம்மூர்ல ஏப்ரல் கடைசில இருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும் சூரியன் உச்சிக்கு வடக்கால தான் போகும், அதனால வடக்கு ஜன்னலுக்கும் வெயில் உண்டு, பாதி பேருக்கு இது தெரியாது.

பிரேம் யு.பி.வி.சி, ஒரு கெட்டி பிளாஸ்டிக். அலுமினியம் சூட்ட கடத்தும், எங்க தெருவுல உப்புக் காத்துக்கு அஞ்சாறு வருஷத்துல அம்மை தழும்பு மாதிரி புள்ளி புள்ளியா ஆனதையும் பாத்திருக்கேன். யு.பி.வி.சிலயும் உள்ள இரும்புப் பட்டை வெச்சிருக்காங்களான்னு பாக்கணும், கட் பண்ண ஒரு துண்ட கைல வாங்கிப் பாருங்க, வெறும் பிளாஸ்டிக்கா இருந்தா ரெண்டு கோடைல வளைஞ்சிடும். ஸ்லைடிங் வேண்டாம், வெளிய தொறக்கற மாதிரி கதவுன்னு சொன்னேன், ஏன்னா ஸ்லைடிங்ல பிரஷ் மாதிரி ஒண்ணு தான் இடுக்க அடைக்குது, கதவு மாடல்ல ரப்பர் கேஸ்கெட் சுத்தி அமுங்கி உக்காரும், கைப்பிடிய திருப்புனா மூணு எடத்துல லாக் விழும். கிரில் உள்பக்கம். ஸ்குரூ, கீல் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல 316 கிரேடு தான் வேணும்னு அடம் பிடிச்சேன், 304 சாதாவா நல்லது தான், கடல் பக்கத்துல டீ கறை மாதிரி பிடிக்கும். கண்ணாடி வெளிய 6 எம்எம், நடுவுல 12 எம்எம் இடைவெளி, உள்ள 5 எம்எம். ரெண்டும் ஒரே தடிமனா இல்லாம இருந்தா சத்தத்துக்கு நல்லது, ஒரே தடிமன்னா ரெண்டும் ஒரே சுருதில அதிரும்.

அளவு எடுக்க வந்த தம்பி இன்ச் டேப்ப வெச்சு பூச்சுக்கும் பூச்சுக்கும் நடுவுல அகலம் ஒண்ணு, ஒசரம் ஒண்ணு எடுத்துட்டு கிளம்பப் பாத்தான். பழைய வீடு தம்பி, மேல நடு கீழன்னு மூணு எடத்துல எடு, மூலைக்கு மூலை குறுக்கயும் எடுன்னு சொன்னேன். முணுமுணுத்துக்கிட்டே எடுத்தான். அகலம் மேல 1222 எம்எம், கீழ 1209. குறுக்களவு ரெண்டுக்கும் நடுவுல 16 எம்எம் வித்தியாசம், அதாவது ஓட்டையே கோணல். இருக்கறதுலயே சின்ன அளவ எடுத்து, அதுலயும் பக்கத்துக்கு 5 எம்எம் கம்மி பண்ணி தான் பிரேம் செய்யணும். டபுள் கிளாஸ் யூனிட் வந்ததுக்கு அப்புறம் எடத்துல வெச்சு வெட்டவே முடியாது, ஓரம் சீல் பண்ணி உள்ள ஈரம் உறிஞ்சற மணி எல்லாம் போட்டிருப்பாங்க, வெட்டுனா குப்பை தான். ஆனா எனக்கும் ஒண்ணு தோணாம போச்சு. பழைய சட்டம் உள்ள இருக்கறப்ப எடுக்கற அளவு, சட்டத்த பேத்ததுக்கு அப்புறம் இருக்கப் போற ஓட்டை அளவு இல்ல. அத பின்னால அனுபவிச்சேன்.

பிப்ரவரி கடைசில வேலை. கொத்தனார் காசிமேட்டுல இருந்து, கூட ஒரு சித்தாள். வந்தவரு மொதல்ல சுத்தியலால சட்டத்துக்கு மேல ரெண்டு தட்டு தட்டிப் பாத்துட்டு பீடிய அணைச்சாரு.

"இன்னா சார், இங்க லிண்டல் இல்லியே?"

"அப்படின்னா?"

"ஜன்னலுக்கு மேல செவுத்த தாங்கற கான்கிரீட் கட்டை சார். இங்க மேல வெறும் பலகை தான் கீது. அது மேல செங்கல். பலகை சட்டத்து மேல குந்தினு கீது. சட்டத்த உருவுனா மொத்தமும் நம்ம தலைல தான் வுழும்."

எனக்கு அடிவயிறு கலங்கிடுச்சு. ஜன்னல் கடைக்காரங்க யாருமே இத கேக்கல. மூணு ஜன்னல்லயும் அதே கதை தான். நீங்க பழைய சுண்ணாம்புக் கலவை வீட்டுல இருந்தா தயவு செஞ்சு இத மொதல்ல பாத்துடுங்க. அவரு சென்ட்ரிங் ஜாக்கி ரெண்டு கொண்டாரச் சொல்லி, உள்பக்கம் வெளிப்பக்கம் ரெண்டு பக்கமும் முட்டு குடுத்து, சுவத்துல பாதி தடிமனுக்கு மட்டும் செங்கல்ல எடுத்துட்டு ரெடிமேடு கான்கிரீட் லிண்டல் ஒண்ண சொருகுனாரு, பக்கத்துக்கு ஆறு இஞ்ச் சுவத்துல ஏறி உக்கார்ற மாதிரி, அது செட் ஆனப்புறம் அடுத்த பாதி. ரெண்டு நாள் வேலைன்னு பேசுனது ஆறு நாள் ஆச்சு. அந்த ஆறு நாளும் பெட்ரூம்ல தார்ப்பாய் தான் ஜன்னல், கொசு எங்கள வெச்சு விருந்து நடத்துச்சு.

சட்டத்த பேக்கறது தனிக் கூத்து. பக்கத்துக்கு மூணு இரும்பு கிளாம்பு சுவத்துக்குள்ள போகுது, அத ஹேக்சா பிளேடால மட்டும் தான் அறுக்க முடிஞ்சுது, கடப்பாரை போட்டா சுவரே கூட வருது. சுண்ணாம்புப் பூச்சு பொலபொலன்னு கொட்டி, வீடு பூரா வெள்ளை, அம்மா புடவையால மூக்க மூடிக்கிட்டு நான் சொன்னேன் கேட்டியா, நான் சொன்னேன் கேட்டியான்னு ஆறு நாளும். சட்டம் வெளிய வந்து பாத்தா, ஓட்டைல ஒரு பக்கம் புது பிரேமுக்கும் சுவத்துக்கும் நடுவுல 45 எம்எம் இடைவெளி. வந்த இன்ஸ்டாலேஷன் பசங்க கவலைப்படாதீங்க சார் ஃபோம் அடிச்சுடலாம்னாங்க. ஃபோம் பத்துல இருந்து இருவத்தஞ்சு எம்எம் வரைக்கும் சரி, அதுக்கு மேலன்னா அது சுவரு இல்ல, பஞ்சு மிட்டாய். கொத்தனார விட்டு செங்கல் சில்லும் கலவையும் வெச்சு கட்டி 15க்கு கொண்டாந்து, ரெண்டு நாள் தண்ணி ஊத்தி காய வெச்சோம்.

பிரேம மாட்டறப்ப ரசமட்டமும் தூக்குகுண்டும் வெச்சு நான் பக்கத்துலயே நின்னேன். பிளாஸ்டிக் பேக்கிங் வெச்சு நேராக்கி, சுவத்துல துளை போட்டு நாலு இஞ்ச் ஸ்குரூ. பழைய செங்கல்ல ஹேம்மர் மோட்ல டிரில் போட்டான், செங்கல் மாவா கொட்டி துளை பெருசாயிடுச்சு, பிளக்கு லொடலொடன்னு ஆடுது. அப்புறம் ஹேம்மர ஆஃப் பண்ணிட்டு சும்மா சுத்த விட்டு போட்டா சுத்தமா வருது. ஃபோம் அடிக்கறப்ப ரெண்டு விஷயம், கதவ சாத்தி லாக் போட்டுட்டு தான் அடிக்கணும், அது உப்பற வேகத்துல பிரேம உள்ள தள்ளிடும். அப்புறம் கைல படக் கூடாது. என் கட்டை விரல்ல பட்டது ஒரு வாரம் கருப்பா இருந்துச்சு, ஆபீஸ்ல எல்லாரும் எலெக்‌ஷன் முடிஞ்சுடுச்சான்னு கேட்டாங்க.

இப்போ முக்கியமான விஷயம். லோ-ஈ கோட்டிங்னு ஒண்ணு சொன்னேன் இல்ல, அது கண்ணுக்கு தெரியாத வெள்ளி மாதிரி ஒரு மெல்லிசு பூச்சு, கண்ணாடியோட ஒரு முகத்துல மட்டும் இருக்கும். டபுள் கிளாஸ்ல மொத்தம் நாலு முகம், வெளிய இருந்து எண்ணுனா ஒண்ணு ரெண்டு மூணு நாலு. நம்ம ஊர் வெயிலுக்கு அந்தப் பூச்சு ரெண்டாவது முகத்துல இருக்கணும், அதாவது வெளிக் கண்ணாடியோட உள்பக்கம். அப்பத்தான் சூடு வெளிக் கண்ணாடியோட நின்னு வெளியவே போகும். யூனிட்ட திருப்பி மாட்டிட்டா பூச்சு மூணாவது முகத்துக்கு போயிடும், உள் கண்ணாடி சூடாகி ரூமுக்கு குடுக்கும். கண்ணால பாத்தா வித்தியாசமே தெரியாது. ராத்திரி லைட்ட அணைச்சுட்டு கேஸ் லைட்டரோ மெழுகுவத்தியோ கண்ணாடி கிட்ட பிடிங்க, நாலு சுடர் வரிசையா தெரியும், ஒவ்வொரு முகத்துக்கும் ஒண்ணு. அதுல மூணு ஒரே கலர்ல இருக்கும், ஒண்ணு மட்டும் லேசா ஊதா இல்ல ரோஸ் அடிக்கும், பூச்சு அந்த முகத்துல தான். நான் உள்ள நின்னு பாத்தேன், உள்ள இருந்து எண்ணுனா மூணாவது சுடர் கலர் மாறணும். வடக்கு ஜன்னல் சரி, மேற்குல இடது சரி, மேற்குல வலது... ரெண்டாவது சுடர் ரோஸ். மறுபடி எண்ணுனேன். வீட்டுக்காரிய எழுப்பி எண்ணச் சொன்னேன், அவளும் ரெண்டுன்னா.

காலைல கடைக்காரருக்கு போன் போட்டா, சார் அப்படி எல்லாம் ஆகாது சார்ங்கறாரு. வீடியோ எடுத்து அனுப்புனேன். மூணு நாள் பதில் இல்ல. மிச்ச காசு பதினஞ்சாயிரம் என் கைல இருந்துச்சு, அதனால நாலாவது நாள் பசங்க வந்தாங்க. கண்ணாடிய பிடிச்சிருக்கற பீடிங் பட்டைய கழட்டி, கண்ணாடிய எடுத்து, திருப்பி வெக்க நினைச்சா தடிமன் மாறி உக்காரும்னு ஒரு பேச்சு, 6ம் 5ம் எடம் மாறிடுமேன்னு. மாறிடுச்சு தான், ஏன்னா கம்பெனிலயே 5 எம்எம் பக்கம் பூச்சு வெச்சு ஒட்டிட்டாங்க. சரி அது சத்தத்துக்கு ஒண்ணும் பெருசா இல்ல, திருப்பி மாட்டுங்கன்னு விட்டுட்டேன். இதுக்கு தான் சொல்றேன், கடைசி காச சோதனை பண்ற வரைக்கும் குடுக்காதீங்க.

மே வந்துச்சு. கத்திரி வெயில்ல மூணாவது நாள் சாயங்காலம் நாலரைக்கு, எங்க ஆபீஸ்ல இருந்து ஒரு டெம்பரேச்சர் கன் கொண்டாந்து பாத்தேன். முந்தின வருஷம் இதே ஜன்னல் மரமும் கண்ணாடியும் உள்பக்கம் 46, 47 காட்டுச்சு. இப்போ கண்ணாடி உள்பக்கம் 36, பிரேம் 35. கைய வெச்சா வெதுவெதுன்னு இருக்கு, சுடல. ஏசி பிளக்ல ஒரு சின்ன மீட்டர் மாட்டியிருக்கேன், முந்தின மே ராத்திரிக்கு சராசரி 9 யூனிட் ஓடுச்சு, இந்த மே 6.5. முழுசும் ஜன்னலால தான்னு சத்தியம் பண்ண மாட்டேன், நடுவுல ரெண்டு நாள் மழையும் பேஞ்சுச்சு. ஆனா ஏசி இப்போ எட்டரைக்கே மூச்சு வாங்காம ஓடுது. காலைல ஜன்னல் வெளிப்பக்கம் முன்ன எல்லாம் தண்ணியா வேர்த்து மரம் ஊறும், அதுவும் இல்ல. லாரி சத்தம் முழுசா போகல, ஹார்ன் கேக்குது, ஆனா பக்கத்து தெருவுல அடிக்கற மாதிரி. ஜன்னல் திண்டுல தெனம் படியற அந்த கருப்புத் தூசி, வடசென்னைக்காரங்களுக்கு சொல்லவே வேணாம், விரல வெச்சா மை மாதிரி ஒட்டும், அது இப்போ வாரத்துக்கு ஒரு தடவ துடைச்சா போதும்.

ஒரு குறை, ராத்திரி லைட்ட போட்டா வெளிய இருந்து உள்ள பளிச்சுன்னு தெரியும். பகல்ல கண்ணாடி மாதிரி மினுக்கறத பாத்து திரை வேணாம்னு நினைச்சோம், எதிர் குடோன் வாட்ச்மேன் ஒரு நாள் பையன பாத்து என்ன தம்பி நேத்து நல்லா டான்ஸ் ஆடுனியேன்னு கேட்டதுக்கு அப்புறம் திரை வந்துடுச்சு.

அக்டோபர்ல மொத பெரிய மழை. மெத்தை பக்கத்துலயே உக்காந்திருந்தேன், ஒரு சொட்டு வரல, பெருமையா வீட்டுக்காரிய பாத்தேன், பாத்த அஞ்சாவது நிமிஷம் இடது ஜன்னல் கீழ் பள்ளத்துல தண்ணி ரொம்பி உள்பக்கம் வழியுது. பிரேமுக்கு கீழ வெளிப்பக்கம் ரெண்டு சின்ன ஓட்டை இருக்கும், உள்ள வர்ற தண்ணி வடியறதுக்கு. வலதுல அது வேலை செய்யுது. இடதுல? வெளிய பூச்சு முடிச்ச நம்ம கொத்தனார் நல்ல எண்ணத்துல அந்த ஓட்டைய கலவை வெச்சு அழகா அடைச்சு, மேல சிலிக்கானும் இழுத்து விட்டிருக்காரு, ஓட்டை இருக்கேன்னு. மழைல கிரில் வழியா கைய விட்டு ஸ்குரூ டிரைவரால குத்திக் குத்தி தொறந்தேன், தொறந்ததும் சளசளன்னு வெளிய ஓடுச்சு.

செலவு. மூணும் சேத்து 48 சதுர அடி, சதுர அடி 1,150, ஜிஎஸ்டி தனி, 65,136 ஆச்சு. லிண்டல், கொத்தனார், சித்தாள், சிமென்ட் எல்லாம் 14,500, இதுக்கு நான் பட்ஜெட்டே போடல. உள்பக்க கிரில் 7,800. பழைய தேக்கு சட்டத்த மரக்கடைல 6,500க்கு எடுத்துக்கிட்டாங்க, அம்மா ஒரு சட்டத்த மட்டும் குடுக்க மாட்டேன்னுட்டாங்க. நிகரமா எம்பதாயிரம் சொச்சம். வருஷத்துக்கு ஒரு ஐநூறு யூனிட் மிச்சம்னு வெச்சு, கோடைல ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் தாண்டுனா ஸ்லாப் மாறி அடிக்கற அடியையும் சேத்து பாத்தா கூட நாலாயிரம், நாலாயிரத்து ஐநூறு தான் வரும். அதாவது போட்ட காசு திரும்ப எடுக்க இருவது வருஷம் கிட்ட. ரெண்டு வருஷத்துல காசு திரும்பிடும் சார்னு கடைல சொன்னா, டீய குடிச்சுட்டு எழுந்து வந்துடுங்க. நான் காசு குடுத்தது தூக்கத்துக்கும் மெத்தைக்கும் தான்.

கிழக்கு ஜன்னல் மூணுக்கும் ஆன மொத்த செலவு 2,900. ஆசாரி வந்து ஊறி உப்புன ஓரத்த இழைப்புளியால இழைச்சு, கீல பித்தளைக்கு மாத்தி, கதவு உக்கார்ற எடத்துல ரப்பர் பட்டி ஒட்டுனாரு. ஊதுபத்திய மறுபடி கொளுத்திப் பாத்தேன், புகை நேரா போகுது. அம்மா அவங்க குடுக்காம வெச்ச சட்டத்துல காலு போட்டு அந்த கிழக்கு ஜன்னல் கீழ ஒரு பெஞ்சு அடிக்கச் சொல்லிட்டாங்க, மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் அங்க தான் படுக்கறாங்க. புது ரூம்ல ஏசில வந்து படுங்கம்மான்னா வரமாட்டேங்கறாங்க. இந்த ஞாயித்துக்கிழமை வேலை ஒண்ணு பாக்கி இருக்கு, மூணு பிரேம் ஓட்டையவும் ஈர்க்குச்சி விட்டு தூசி எடுக்கணும், நவம்பர் மழை வர்றதுக்குள்ள.